அவள் உட்காராத மாதங்கள்

என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தது ஒரு வைகாசி மாதத்தில். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன் இரண்டு வருஷமாக மாதவிலக்கு வந்தால் பத்து நாள், பதினைந்து நாள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. உடம்பில் ரத்தம் குறைந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தறிக்கூடத்துக்கு நடந்து வருவதற்குள் மூச்சு வாங்கினாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டி என்றார்கள். சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அங்கிருந்து கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆபரேஷனை வைத்துக்கொண்டோம். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவள் ஒரு தடவை கேட்டாள். எட்டுத் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது யார் தினமும் அங்கே போய் வருவது என்று நான்தான் வேண்டாமென்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஏழாம் நாள் மூத்திரக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் காலையில் நான் தறிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“ஏனுங்க, சித்த இங்க வாங்க. இது என்னன்னு தெரியலீங்க.”

கட்டில் விரிப்பு இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைந்திருந்தது. தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள். நின்ற இடத்திலும் கால் வழியாக இறங்கி, சிமெண்டுத் தரையில் பாதத்தைச் சுற்றித் தேங்கியது. அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வருதுன்னே தெரியலீங்க. முட்டவே இல்லீங்க. அதுபாட்டுக்கு வருது.”

அன்றைக்கே நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனேன். ஆபரேஷன் செய்த டாக்டர் இல்லை. இருந்தவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே புண் ஆறவில்லை, ஒரு மாதம் போகட்டும் என்றார். ஒரு மாதம் போயிற்று. மறுபடி போனோம். இந்த முறை ஆபரேஷன் செய்த டாக்டரே இருந்தார். மூத்திரப்பை பலவீனமாக இருக்கிறது, இந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான் என்று சொல்லி, உடற்பயிற்சி அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். இருமினால், தும்மினால் கொஞ்சம் கசிகிறவர்களுக்கான பயிற்சி அது. என் மனைவிக்கு இருமவும் வேண்டாம், தும்மவும் வேண்டாம். நின்றாலும் படுத்தாலும் தூங்கினாலும் ஒழுகிக்கொண்டே இருந்தது. இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் அந்தத் தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்து, அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு பயிற்சி செய்வாள். இறுக்கிப் பிடிப்பது, பத்து எண்ணுவது, விடுவது. உதடு மட்டும் அசையும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை என்று போட்டிருந்தது. அவள் நூறு தடவை செய்தாள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே புடவையின் பின்பக்கம் நனைவதை நான் பார்த்திருக்கிறேன்.

மெடிக்கல் ஷாப்பில் விற்கிற நாப்கின்கள் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கவில்லை. தொடை இடுக்கெல்லாம் வெந்துபோய்த் தோல் உரிந்தது. எங்கள் தறியில் ஓடுவது காடா துணி, வெளுக்காத, சாயம் போடாத துணி. அதில் பழுதாகி ஒதுக்குகிற துண்டுகளை அவள் வெட்டி, நாலாக மடித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து துண்டு ஆனது. துவைத்துக் கொல்லைக் கொடியில் காயப்போட்டு, மேலே ஒரு புடவையை விரித்து மறைப்பாள்.

அந்த மாதங்களில் அவள் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. வீட்டில் இருந்தால் சுவரில் சாய்ந்து நிற்பாள், இல்லாவிட்டால் ரப்பர் ஷீட் போட்ட பாயில் படுத்திருப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டால், அடுப்பில் பால் இருக்கிறது என்று வந்துவிடுவாள். ஒரு நாள் சூலூருக்குப் பஸ்ஸில் போனோம். பாதி சீட் காலி. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் நல்ல மனுஷன்.

“சீட்டு கெடக்குதே, உக்காருங்கக்கா.”

“உக்காந்தா முதுகு புடிச்சுக்குதுங்க.”

அவர் விடவில்லை. வண்டி குலுங்குகிறது, விழுந்துவிடப் போகிறீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன். மீதி தூரம் வெயிலில் நடந்தோம். நான் முன்னால் நடந்தேன். அவள் பின்னால் வந்தாள்.

வாடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். மூன்று வேளை குளித்தாள். வேப்பிலை போட்ட வெந்நீர், டெட்டால், பவுடர் என்று என்னென்னவோ செய்தாள். ஆனாலும் வீட்டுக்குள் கால் வைத்தால் மூக்கில் ஏறியது. “தண்ணியக் கொறைச்சுக் குடி அம்மணி” என்று யோசனை சொன்னேன். அவள் குறைத்தாள். மூத்திரம் கெட்டியாகி வாடை இன்னும் கூடியது, எரிச்சலும் கூடியது. ஆடி மாதத்தில் ஒரு நாள் என் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்த் தறிக்கூடத்தை ஒட்டிய நூல் ரூமில் போட்டுக்கொண்டேன். நைட் ஷிஃப்டுக்கு ஆள் சரியாக வருவதில்லை, பக்கத்தில் இருந்தால்தான் ஆகும் என்று அவளிடம் சொன்னேன். ஆள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தார். அது அவளுக்கும் தெரியும். “செரிங்க” என்று சொல்லிவிட்டு, தலையணை உறையை மட்டும் மாற்றிக் கொடுத்தாள்.

எங்களுக்கு ஒரே மகள். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. அம்மாவுக்கு இப்படி என்று அவளிடம் சொல்லவில்லை. மாசமாக இருக்கிற பெண், பயந்துவிடுவாள் என்று என் மனைவி சொன்னாள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் இரண்டு பேரின் மனதிலும் இருந்த காரணம்.

ஐப்பசியில் வளைகாப்பு வைத்தார்கள். தாய் வீட்டிலிருந்து சீர் கொண்டுபோய் வளையல் பூட்டி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வர வேண்டும். வளையலும் புடவையும் என் மனைவியே தேர்ந்தெடுத்தாள். கட்டுச்சோறும் அவளே கட்டினாள், நின்றபடியே. புறப்படுகிற நேரத்தில், “நா வரலீங்க. எனக்கு அம்மை போட்டிருக்குதுன்னு சொல்லிப்போடுங்க” என்றாள். சொந்தக்கார ஒறம்பறைகளோடு நான் மட்டும் போனேன்.

மண்டபத்தில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அம்மை என்றால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். கிளம்புகிற நேரத்தில் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல்.

“அம்மாவுக்கு அம்மைன்னா, அதே ஊட்டுல இருக்கற நீங்க எப்படிங்கப்பா இங்க வந்தீங்க?”

வாசலில் நின்ற வேனைப் பார்த்தேன்.

“எங்க மேல அம்மாவுக்கு என்ன கோவமுங்கப்பா?”

“கோவமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு.”

“அப்ப நா இன்னைக்கு உங்க கூட வாரேன்.”

“இப்ப வேண்டாங் கண்ணு. அம்மை எறங்கட்டும்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து எங்களுக்குப் போன் வரவில்லை. பிரசவம் தாராபுரத்திலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளைதான் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார். என் மனைவி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

கார்த்திகையில் வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் பார்க்கிற நர்ஸ் எங்கள் தெருவுக்கு வந்தார். நான் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தேன். கொல்லைக் குழாயில் கை கழுவப் போனவர் கொடியைப் பார்த்துவிட்டார். காற்றில் மேல் புடவை விலகியிருந்தது.

“ஏனுங்கக்கா, ஊட்டுல கொழந்தை இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் இது யாருக்கு?”

என் மனைவி விலகிய புடவையை இழுத்துத் துணிகளை மூடினாள். நர்ஸ் பையைக் கீழே வைத்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போதிருந்து? கர்ப்பப்பை எடுத்தீர்களா? எத்தனை நாள் கழித்து? பகலும் இரவும் ஒரே மாதிரியா? முட்டுகிற உணர்ச்சியே இல்லையா? அவள் எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். ஆறு மாதத்தில் இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“இது பலவீனம் இல்லீங்கக்கா. ஓட்டை விழுந்திருக்கு. எக்ஸர்சைஸ் பண்ணுனா அடையாது. தைக்கணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நாளைக்கே கோயமுத்தூர் கூட்டிட்டுப் போங்கண்ணா. இத்தனை நாள் வெச்சிருந்ததே தப்பு.”

போனோம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், சத்தம் போடாமல் பேசுகிறவர். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினார். முன்னால் மூத்திரப்பை, பின்னால் பிறப்புறுப்பு வழி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கர்ப்பப்பையை எடுக்கும்போது அந்தச் சுவரில் காயம் பட்டோ, தையல் தவறி மூத்திரப்பையில் விழுந்தோ, அந்த இடத்தில் சதை செத்து ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் ஓட்டை. மூத்திரப்பையில் சேர்கிற மூத்திரம் தேங்காமல் அந்த வழியாகக் கீழே இறங்கிவிடும்.

“உங்களுக்குப் பிரசவம் ஆபரேஷனுங்களா?”

“ஆமாங்க. சிசேரியன்.”

“அதனால மூத்திரப்பை கர்ப்பப்பையோட ஒட்டியிருந்திருக்கும். பிரிக்கறது கஷ்டந்தாங்க. இந்தக் காயம் யார் கையிலயும் நடக்கலாம். ஆனா ஒழுகுதுன்னு நீங்க வந்து நின்ன அன்னைக்கே கண்டுபுடிச்சிருக்கணும்.”

பக்கத்து அறையில் சோதனை செய்தார்கள். குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் நீல மருந்தை ஏற்றி, கீழ் வழியில் மூன்று பஞ்சு உருண்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, சிறிது நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பஞ்சு நனைகிறது, எந்த நிறத்தில் நனைகிறது என்பதை வைத்து ஓட்டை மூத்திரப்பையிலா, சிறுநீரகத்திலிருந்து வருகிற குழாயிலா என்று தெரியுமாம். என் மனைவிக்கு மேலே இருந்த பஞ்சு முழுக்க நீலமாக வந்தது. அதை ஒரு தட்டில் வைத்து நர்ஸ் வெளியே கொண்டுவந்தார். பிறகு கேமரா விட்டுப் பார்த்ததில், சுண்டு விரல் நுனி போகிற அளவுக்கு ஓட்டை என்றார்கள். ஸ்கேனில் சிறுநீரகக் குழாய்களுக்கு ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான் உட்கார்ந்திருந்தேன், அவள் நின்றுகொண்டிருந்தாள். ஏதாவது கேட்க வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். நான் கேட்டேன்.

“இது எனக்கு ஒட்டுமுங்களா?”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “ஒட்டறதுக்கு இது நோய் இல்லீங்க. காயம்.”

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்த நிமிஷத்திலேயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அப்போது எனக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

உடனே ஆபரேஷன் செய்யவில்லை. தொடைப் புண் ஆற வேண்டும், கிருமி போக வேண்டும், ரத்தம் ஏற வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். யார் குறைக்கச் சொன்னது என்று கேட்டார். “நானாத்தாங்க கொறைச்சுக்கிட்டேன்” என்றாள் அவள். இரண்டு மாதம் கழித்து, தை மாதத்தில் கீழ் வழியாகவே போய்த் தைத்தார்கள். ஓட்டையின் ஓரத்தை விடுவித்து, மூத்திரப்பையைத் தனியாக, கீழ் வழியைத் தனியாகத் தைப்பது. பிறகு மூன்று வாரம் மூத்திரப்பை நிறையவே கூடாது. அதற்காகக் குழாய் போட்டுப் பையில் இறக்கிவிடுவார்கள்.

அவள் வார்டில் இருந்தபோதுதான் மகளுக்குப் பிரசவமானது. ஆண் குழந்தை. மாப்பிள்ளை போன் செய்தார். என் மனைவி போனை வாங்கி, மகளிடம் கொடுக்கச் சொன்னாள். படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கர்ப்பப்பை, ஓட்டை, காடா துணி, அம்மை என்று சொன்ன பொய். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. அந்தப் பக்கம் மகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. “அழுகாத கண்ணு, பச்சை ஒடம்பு” என்று என் மனைவி இரண்டு தடவை சொன்னது மட்டும் கேட்டது.

ஆறாம் நாள் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் என்னிடம்தான் சொன்னார். குழாய் மடங்கக் கூடாது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். பையில் மூத்திரம் இறங்குவது அரை மணி நேரம் நின்றாலும் உடனே போன் செய்ய வேண்டும், யோசிக்கவே கூடாது. நான் தலையாட்டினேன். முதல் சில நாள் மணிக்கொரு தடவை போய்ப் பார்த்தேன். துணி நனையவில்லை. பையில்தான் இறங்கியது. அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. வாடை போயிருந்தது. கட்டிலை எடுத்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பதினோராம் நாள் பாவு பிணைக்க ஆட்கள் வந்தார்கள். தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கிற பாவு நூல் தீர்ந்தால் புதுப் பாவின் ஒவ்வொரு நூலையும் பழைய நூலோடு முடிந்துதான் தறியை ஓட்ட முடியும். அந்த ஆட்கள் கிடைப்பது அரிது. வந்தால் விடக் கூடாது. நானும் அவர்களோடு குனிந்து நின்றேன். மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. விசைத்தறி ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. என் போன் நூல் ரூமில், கட்டிலின் மேல் கிடந்தது.

நாலு மணி இருக்கும். பாவு பிணைக்கிறவர் என் தோளைத் தட்டி வாசலைக் காட்டினார். என் மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையில் மூத்திரப் பை. ஆறேழு ஆண்கள் இருக்கிற இடத்துக்கு அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். முகம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது. பையில் ஒரு சொட்டு இல்லை.

“எப்ப இருந்து?” என்று கத்தினேன். தறிகளை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன்.

“மத்தியானம் சாப்பிட்டதுல இருந்துங்க. ஏழு தடவை போன் பண்ணுனேன்.”

அடிவயிறு கல் மாதிரி இருந்தது. ஒரு கார் பிடித்துக் கோயமுத்தூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சிங்காநல்லூரில் வண்டிகள் நகரவேயில்லை. வழி முழுக்க அவள் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பின் சீட்டில் பாதி எழுந்தபடி வந்தாள். ஆஸ்பத்திரியில் குழாய்க்குள் மருந்துத் தண்ணீரைப் பீச்சினார்கள். உறைந்த ரத்தக் கட்டி ஒன்று, ஆரஞ்சு விதை அளவுக்கு, வெளியே வந்தது. பிறகு பை நிறைந்தது.

மூன்றாம் நாள் காலையில் துணி நனைந்திருந்தது.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். போன் எடுக்காததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “அதனாலதான் விட்டுதுன்னு சொல்ல முடியாதுங்க. எட்டு மாசம் ஒழுகுன எடம். அடைப்பு வராம இருந்தாலும் விட்டிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது.” அப்படி அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. என் தப்புதான் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு பக்கமாக இருந்திருக்கும். இப்போது அது இரண்டு பக்கமும் சேராமல் எனக்குள் கிடக்கிறது.

இன்னொரு ஆபரேஷன் செய்யலாம், மூன்று நாலு மாதம் கழித்து, வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொல்லிவிட்டாள்.

“நா இப்படியே இருந்துக்கறேனுங்க. மறுக்கா அந்த மேசை மேல ஏற மாட்டேன்.”

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் மோசமானவை. ஓட்டையைத் தைத்த ஆபரேஷனுக்கு முன்னால் அவளிடம் ஒரு வேகம் இருந்தது. துணியைத் துவைப்பாள், மறைப்பாள், பயிற்சி செய்வாள். இப்போது எதையும் மறைக்கவில்லை. கொடியில் துணிகள் அப்படியே தொங்கின. சில நாள் மத்தியானம் வரை பாயை விட்டு எழவில்லை. நான் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தால், “அங்க வெச்சுப்போட்டுப் போங்க” என்பாள். நான் வைத்துவிட்டுப் போய்விடுவேன். பக்கத்தில் இருந்து ஒரு வாய் ஊட்டிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லையா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். தோன்றியது. செய்யவில்லை.

சித்திரையில், குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் மகள் வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக உள்ளே போய், நனைந்த பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்துவிட்டாள். “எந்திரி கண்ணு, ஈரம்” என்று என் மனைவி தள்ளினாள். மகள் எழவில்லை. அன்று பொழுதோடு கொல்லையில் எல்லாத் துணிகளையும் அவளே துவைத்தாள். பிறகு நூல் ரூமுக்கு வந்து வாசலில் நின்றாள். கட்டிலையும், சுவரில் மாட்டியிருந்த என் சட்டைகளையும் பார்த்தாள்.

“இங்கதான் படுக்கறீங்களாங்கப்பா?”

“ஷிஃப்டு ஆளு...”

“எப்ப இருந்துங்க?”

“ஆடியில இருந்து.”

அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். என் மகள் என்னிடம் கோபமாகப் பேசினாள் என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து அம்மாவைப் பற்றிய எதையும் அவள் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். டாக்டரிடம் அவளே பேசினாள். தேதியை அவளே வாங்கினாள். அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்.

ஆனியில் ஓட்டையைத் தைக்க இரண்டாவது ஆபரேஷன். நாலரை மணி நேரம் ஆனது. வயிற்றைத் திறந்து, மூத்திரப்பையைப் பிளந்து, ஓட்டையைச் சுற்றியிருந்த தழும்புச் சதையை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தைத்தார்கள். குடலுக்கு முன்னால் திரை மாதிரித் தொங்குகிற கொழுப்புச் சவ்வில் ஒரு துண்டைக் கீழே இழுத்து, இரண்டு தையலுக்கும் நடுவில் வைத்தார்கள். அதில் ரத்த ஓட்டம் இருப்பதால் தையல் சீக்கிரம் ஆறும், ஒன்றோடு ஒன்று ஒட்டாது என்று டாக்டர் விளக்கினார். மகளிடம்தான் விளக்கினார். நான் பின்னால் நின்று கேட்டேன்.

இந்த முறை மூன்று வாரமும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்து அம்மாவும் மகளும் தங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். யாருக்குத் தெரியக் கூடாது என்று நாங்கள் அவ்வளவு மறைத்தோமோ, அவர்தான் என் மனைவிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். “எங்கிட்டச் சொல்லியிருந்தா நா வந்து கூட இருந்திருப்பேனுங்களே” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். குழாயைக் கவனித்தது மகள். போனில் அலாரம் வைத்து, மணிக்கொரு தடவை பையைப் பார்த்து, ஒரு நோட்டில் அளவு எழுதினாள். நான் தினமும் மத்தியானம் பஸ்ஸில் வந்து, பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்து திரும்பினேன். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்று ஒரு நாள் மகளிடம் சொன்னேன். “பரவால்லீங்கப்பா” என்றாள்.

இருபத்து இரண்டாம் நாள் மறுபடியும் நீல மருந்து. மூன்று பஞ்சும் வெள்ளையாக வந்தன. குழாயை எடுத்தார்கள். அன்று சாயங்காலம் என் மனைவிக்கு முட்டியது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. பாத்ரூமுக்குப் போய்விட்டு வெளியே வந்தவள் சுவரில் கை வைத்து நின்று அழுதாள். மகள் அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து இன்று வரை ஒழுகவில்லை. ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூத்திரப்பை சுருங்கிவிட்டது. ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை போக வேண்டும். எங்கே போனாலும் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்த்துக்கொள்வாள். பாரம் தூக்கக் கூடாது. எழுந்திருக்கும்போதெல்லாம் கை தானாகப் புடவையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறது. சரியாகி இரண்டு மாதம் ஆன பிறகும் துணி வைத்துக்கொண்டிருந்தாள். நர்சிங் ஹோம் மேல் கேஸ் போடலாம் என்று ஒறம்பறையில் ஒருவர் சொன்னார். கோர்ட்டில் போய் எந்தத் துணியை எங்கே வைத்தேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டேன் என்று அவள் மறுத்துவிட்டாள். அந்த நர்சிங் ஹோம் இன்னும் நடக்கிறது. அந்த வழியாகத்தான் நாங்கள் பஸ்ஸில் போகிறோம்.

ஐப்பசியில் ஒரு நாள் அவளிடம் பேசினேன். அவள் மணித்தக்காளிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்றைக்குப் போன் எடுக்காமல் விட்டுவிட்டேன், அது என்னை உறங்க விடவில்லை, மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை.

“அதுக்கு எனக்குக் கோவமில்லீங்க. தறி ஓடையில காது கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா?”

ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “ஒட்டுமான்னு கேட்டீங்க” என்றாள்.

அவ்வளவுதான். கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால், நான் ஏதாவது சொல்லியிருப்பேன். சொல்வதற்கு என்ன இருந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவள் மாதத்தில் பாதி நாள் தாராபுரத்தில் மகளோடு இருக்கிறாள். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது காரணம். மீதி நாள் இங்கே. இங்கே இருக்கும்போது எனக்குச் சமைத்துப் போடுகிறாள், கரண்ட் பில் கட்டச் சொல்லி ஞாபகப்படுத்துகிறாள், ஊர்க் கல்யாணங்களுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறோம். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. நான் கேட்டால் பதில் சொல்கிறாள். அவளாக எதையும் என்னிடம் சொல்வதில்லை. சூடாக இருக்கிறது, கால் வலிக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை.

நேற்று தாராபுரத்திலிருந்து போன் செய்தாள். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னாள். எந்த பஸ், எத்தனை மணிக்கு, வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாப்பில் வந்து நிற்கிறேன் என்றேன்.

“வேண்டாமுங்க. நானே நடந்து வந்துக்கறேன்” என்றாள்.